கான் அகாடமி அல்ஜீப்ரா 1: ஏழாவது படிக்கிற பசங்களுக்கு ஓகேவா?

இங்க அமெரிக்கால பொதுவா ஒன்பதாவதுல வர்ற அல்ஜீப்ரா 1-ஐ என் பொண்ணு ஏழாவதுலயே எடுக்கணும்னா ஸ்கூல்ல அந்த கிளாஸ் ஒரே பீரியட் தான், அதே நேரத்துல பேண்ட் மியூசிக் கிளாசும் இருக்கு, கிளாரினெட்ட விட மாட்டேன்னு ஒரே அடம், சரி போன்னு கான் அகாடமிங்கிற ஆன்லைன் பாட சைட்டுல போட்டு விட்டேன். பைசா செலவில்ல. தெரிஞ்ச பாடத்த உக்காந்து பாக்க வேணாம், நேரா யூனிட் டெஸ்ட் எழுதித் தாண்டிடலாம், அதான் பெரிய பிளஸ். ஆனா ஹின்ட் அமுக்கினா ஸ்டெப் ஸ்டெப்பா மொத்தமும் காட்டிடும், பக்கத்துல நாம இல்லன்னா அமுக்கிட்டே போயிடுதுங்க. ஃபேக்டரிங்க்கு (காரணிப்படுத்துறது) நோட்டுல கையால போட வைங்க. இத முடிச்சா ஸ்கூல்ல கிரெடிட் தருவாங்களா, அதாவது அந்த கோர்ஸ முடிச்சதா எடுத்துக்குவாங்களான்னு ஸ்கூல்ல வழிகாட்டுற கவுன்சிலர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க, ஊருக்கு ஊர் ரூல் மாறும்.