கல்யாண அல்பம்: மடிக்கணினியில் காட்டிக் கையொப்பம் கேட்டால் போடாதீர்கள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கல்யாண அல்பம் செய்யக் கொடுத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள்.

தங்கையின் அல்பத்தை அச்சுக்கு அனுப்புமுன், நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் மடிக்கணினியை வைத்துப் பக்கம் பக்கமாகக் காட்டினார்கள். "சொப்ட் புரூப்" (அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே பார்ப்பது) என்று சொல்லி அதற்குத் தனிக்கட்டணமும் எடுத்தார்கள். "திரையில் பார்ப்பதுதான் தாளிலும் வரும்" என்று உறுதி சொல்லி, அம்மாவிடமும் தங்கையிடமும் கையொப்பம் வாங்கினார்கள்.

அல்பம் வந்தது. கூறைச்சேலையின் அரக்குச் சிவப்பு ஒரே தீற்றலாக அப்பிக் கிடக்கிறது. கொசுவத்தின் மடிப்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. கரையை ஒட்டி நெய்திருந்த சின்னப் பூக்களைக் காணவே காணோம். எல்லோர் முகமும் மஞ்சள் காமாலை கண்டதுபோல் இருக்கிறது. மறுபடி அச்சிடக் கேட்டால், கையொப்பத்தை நீட்டி முழுக் காசும் கேட்கிறார்கள். அம்மா கொழுந்து பறித்துச் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு அது.

அந்த மடிக்கணினியின் மாதிரி இலக்கத்தைக் குறித்துவந்து தேடினேன். ஒரு திரையால் எவ்வளவு நிறங்களைக் காட்ட முடியும் என்பதை என்டிஎஸ்சி என்ற அளவில் சொல்வார்கள். அந்தத் திரை அதில் 45 சதவீதம். சாதாரணப் படங்களுக்கான எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளியே (நிறங்களின் வரம்பே) அந்த அளவில் 72 சதவீதம் வரும். படத்தில் இருக்கும் சிவப்பை அந்தத் திரையால் காட்டவே முடியாது, மங்கலாகத்தான் தெரியும். மங்கலாகத் தெரிகிறதே என்று சிவப்பை ஏற்றியிருக்கிறார்கள். தாளோ தன் எல்லைக்கு மேல் போன சிவப்பையெல்லாம் ஒன்றாக்கிவிட்டது. திரை நீலம் பாய்ந்தது என்பதால் முகங்களில் மஞ்சளையும் கூட்டியிருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை, புரூப் அமைப்பில் தாளின் ஐசிசி புரொஃபைலே, அதாவது அந்தத் தாளில் அச்சிட்டால் நிறங்கள் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பே, இல்லை. எஸ்ஆர்ஜிபி என்றுதான் போட்டிருந்தது. அப்படியானால் அங்கே தாளைப் பற்றி எதுவுமே சோதிக்கப்படவில்லை. இதற்கா கட்டணம்?

உங்களிடமும் இப்படிக் காட்டினால், அச்சகம் கொடுத்த புரொஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளை வைத்திருந்தால் நிற எல்லை எச்சரிக்கையைப் போடச் சொல்லுங்கள்: தாளில் வராத இடங்கள் சிவப்பாகவும், திரையால் காட்ட முடியாத இடங்கள் நீலமாகவும் தெரியும். சேலை முழுக்க நீலமாகிவிட்டால், அந்தத் திரையை நம்பி ஒன்றையும் முடிவுசெய்ய முடியாது. எப்படியானாலும், சேலையும் முகமும் உள்ள ஒரு துண்டை அதே தாளில் அச்சிட்டுத் தரச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள். ஒரு துண்டு அச்சிட அவர்களுக்கு என்ன பெரிய செலவு?

நிறச் சரிபார்ப்புக்கு என்று தனி வரியில் கட்டணம் எழுதிய பற்றுச்சீட்டு எங்களிடம் இருக்கிறது. அதை வைத்துத்தான் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்திருக்கிறோம். அசல் கோப்புகளை ஸ்டூடியோ இன்னும் தரவில்லை. நீங்கள் முற்பணம் கொடுக்கும்போதே அவற்றைத் தருவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.