‘டேக்’ ஒன்று, ஸ்பானிஷில் ஐந்து: வேர்ட்ரெஃபரன்ஸ் அகராதி எந்த அளவுக்கு உதவுகிறது?

மாத்திரை போடுகிறோம், பஸ் பிடிக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், பாட்டியை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறோம், போய்வர இரண்டு மணி நேரம் ஆகிறது. இந்த ஐந்துக்கும் ஆங்கிலத்தில் ‘டேக்’ என்ற ஒரே சொல் போதும். ஸ்பானிஷில் போதாது. மாத்திரைக்குத் தொமார், போட்டோவுக்கு சகார், பாட்டிக்கு யேவார், நேரத்துக்குத் தர்தார். பஸ்ஸுக்கு மெக்சிகோவில் தொமார், ஸ்பெயினில் பெரும்பாலும் கொஹேர். தமிழ் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கும் இந்த வேறுபாடு, ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷுக்குப் போகும்போது நடுவழியில் காணாமல் போகிறது. அதை மீட்க எந்த அகராதி உதவும் என்பதுதான் நம் கேள்வி. இலவசமாகக் கிடைப்பவற்றில் முதலில் திறக்க வேண்டியது வேர்ட்ரெஃபரன்ஸ்.

1999-இல் தொடங்கிய தளம் இது. பக்கத்தில் விளம்பரம் உண்டு, அழகும் அதிகமில்லை. ஆனால் பக்கத்தை அமைத்திருக்கும் முறை கெட்டிக்காரத்தனமானது. இடது ஓரத்தில் ஆங்கிலச் சொல், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் எந்தப் பொருளில் என்ற சிறு குறிப்பு, வலது ஓரத்தில் அந்தப் பொருளுக்கு மட்டும் உரிய ஸ்பானிஷ் சொல், அதன்கீழே இரு மொழியிலும் எடுத்துக்காட்டு வாக்கியம். பலர் வலது ஓரத்தில் முதலில் கண்ணில் படும் சொல்லைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தவறுகளில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. படிக்க வேண்டியது நடுவில் இருக்கும் அந்த அடைப்புக்குறியைத்தான்.

நாங்கள் பரிந்துரைக்கும் வழி இது: தேடும் முன் சொல்ல வந்ததை முழு வாக்கியமாகத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘டைம்’ என்று தேடப் போகிறவர் முதலில் ‘நேரமில்லை’யா, ‘மணி என்ன’வா, ‘மூன்றாவது தடவை’யா என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நேரம் தியெம்போ, மணி ஓரா, தடவை வெஸ். ‘ப்ளே’யும் அப்படித்தான். கால்பந்தை விளையாடுகிறோம், அது ஹுகார். கிட்டாரை வாசிக்கிறோம், அது தொகார். ‘கார்னர்’ என்ற சொல்லுக்கும் தமிழ் வழிகாட்டுகிறது. அறையின் மூலை ரின்கோன், தெருமுனை எஸ்கினா. உள்பக்கமாக மடங்கும் கோணம் ரின்கோன், வெளிப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருப்பது எஸ்கினா. அதனால்தான் மேசையின் முனையில் இடித்துக்கொண்டாலும் அது எஸ்கினாதான்.

சொல்லைத் தேர்ந்த பிறகு அதன் பாலையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பானிஷ் சொல்லையொட்டிச் சிறிய எழுத்தில் ஆண்பாலா பெண்பாலா என்று குறித்திருப்பார்கள். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. ‘ஆர்டர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆண்பால் சொல்லுக்கு முன்னால் எல் வரும், பெண்பாலுக்கு லா. எல் ஓர்தென் என்றால் வரிசை, ஒழுங்கு. லா ஓர்தென் என்றால் ஆணை. எழுத்து ஒன்றுதான், முன்னால் நிற்கும் எல், லா மட்டும் பொருளை மாற்றிவிடுகிறது. கடையில் கொடுக்கும் ஆர்டர் இரண்டுமே இல்லை, அது பெதீதோ. எல் கபிதால் முதலீட்டுப் பணம், லா கபிதால் தலைநகரம். சொல்லை மட்டும் எழுதி வைத்தவருக்கு இந்த இடத்தில் சறுக்கும். வினைச்சொல்லாக இருந்தால் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதைத் தட்டினால் அந்த வினையின் எல்லாக் காலவடிவங்களும் ஒரே பக்கத்தில் விரியும்.

கடைசியாக, எடுத்த ஸ்பானிஷ் சொல்லைத் திரும்ப ஆங்கிலத்துக்குத் தேடுங்கள். பத்து விநாடி வேலை. ‘மூன்றாவது தடவை’க்குத் தியெம்போ என்று எழுதியிருந்தால், திரும்பத் தேடும்போது காலம், வானிலை, இலக்கணக் காலம் என்றெல்லாம் வரும், தடவை வராது. தவறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. நாம் கூடுதல் கவனம் வைக்க வேண்டிய சொற்கள் சில உண்டு. முதலில் ‘கேள்’. வழி கேட்பதும் காபி கேட்பதும் நமக்கு ஒன்றுதான், ஆங்கிலத்திலும் ஒன்றுதான். ஸ்பானிஷில் கேள்வி கேட்டால் ப்ரெகுந்தார், ஒன்றைத் தரும்படி கேட்டால் பெதீர். இரண்டுக்கும் பின்னால் வரும் வாக்கிய அமைப்பும் வேறு. ப்ரெகுந்தாருக்குப் பின் ‘வருவாரா என்று’ என்பதற்கு ‘சி’ வரும். பெதீருக்குப் பின் ‘வரச் சொல்லி’ என்பதற்கு ‘கே’ வரும், அதையடுத்த வினை, விருப்பம், வேண்டுகோள் போன்றவற்றுக்கு வரும் சப்ஜங்டிவ் என்ற வடிவத்துக்கு மாற வேண்டும். அடுத்தது ‘தெரியும்’. நீந்தத் தெரியும் என்பது சபேர், அவரைத் தெரியும் என்பது கொனோசேர். கொனோசேருக்குப் பின் ஆளின் பெயர் வந்தால் நடுவில் ‘ஆ’ என்ற சிறு சொல்லை விடக்கூடாது. நாம் ‘அவரை’ என்று ‘ஐ’ போடுவது போல என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மூன்றாவது மீன். நீந்தும் மீன் பெஸ். பிடிபட்டுச் சந்தைக்கும் தட்டுக்கும் வந்துவிட்டால் பெஸ்காதோ.

இப்படிப்பட்ட இணைகளுக்கு வேர்ட்ரெஃபரன்ஸைவிட ஸ்பானிஷ்டிக்ட் என்ற இன்னொரு இணைய அகராதி மேல். பொருள்களை எண் போட்டுப் பிரிக்கிறது. அதோடு, குழப்பும் இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கும் ஒப்பீட்டுப் பக்கங்களும் அதில் உண்டு. உச்சரிப்பும் கேட்கலாம். தொடக்கநிலையில் இருப்பவர் அங்கே தொடங்கினால் சுலபம். வாக்கியம் சிக்கலாகும்போது, சொற்றொடர் ஒன்று வந்து நிற்கும்போது, வேர்ட்ரெஃபரன்ஸுக்கு வர வேண்டியிருக்கும். பக்கத்தின் அடியில் கூட்டுச்சொற்களும், அவற்றுக்குக் கீழே அந்தச் சொல்லைப் பற்றித் தளத்தின் மன்றத்தில் பயனர்களிடையே முன்பு நடந்த விவாதங்களின் தலைப்புகளும் இருக்கும். அகராதி மேலே கைவிட்டது பல நேரம் அந்த விவாதங்களில் அகப்படும்.

ஒரு சொல் எந்த நாட்டு வழக்கு என்று அகராதி காட்டும் நாட்டுக் குறிகளையும் கவனியுங்கள். இது சும்மா கூடுதல் தகவல் இல்லை. ஸ்பெயினில் பஸ்ஸுக்கு இயல்பாகச் சொல்லும் கொஹேர், மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். எந்த நாட்டாரோடு பேசப்போகிறோம் என்று தெரியாவிட்டால் தொமார் போதும், எங்கும் புரியும். ‘மிஸ்’ என்பதிலும் இதே கவனம் வேண்டும். பஸ்ஸைத் தவறவிட்டால் எங்கும் பெர்தேர். பிரிந்தவரை நினைத்து ஏங்கினால் லத்தீன் அமெரிக்காவில் எஸ்த்ரன்யார், ஸ்பெயினில் எச்சார் தே மேனோஸ். பஸ்ஸுக்குரிய பெர்தேரை அம்மாவுக்குப் போட்டால் ‘அம்மாவை இழந்துவிட்டேன்’ என்று ஆகிவிடும். கேட்பவர் துக்கம் விசாரிக்கத் தொடங்குவார்.

ஓரளவு படிக்கப் பழகிவிட்டால், ஸ்பானிஷ் அரச அகாடமியின் அகராதியை இணையத்திலேயே இலவசமாகத் திறக்கலாம். 2014-இல் வந்த 23-ஆம் பதிப்பு அதற்கு அடிப்படை. விளக்கமெல்லாம் ஸ்பானிஷில்தான் இருக்கும். ஆங்கிலம் நடுவில் இல்லாததே அதன் பெரும் பயன். லிங்வீ என்ற தளம், ஏற்கெனவே மொழிபெயர்க்கப்பட்ட ஆவணங்களிலிருந்து வாக்கியங்களை எடுத்துக் காட்டும். அலுவலகக் கடிதத்துக்கு அது நல்லது, வீட்டுப் பேச்சுக்கு விறைப்பாக இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலிகளிடம் தனிச்சொல்லைக் கொடுக்காதீர்கள். முழு வாக்கியத்தைக் கொடுங்கள், வருகிற வினையை எடுத்துக்கொண்டு மேலே சொன்னபடி திரும்பத் தேடிப் பாருங்கள்.