கடற்கரை ஊருக்கு எந்தக் கூரை? கான்கிரீட், தகரம், ஓலை, ஓடு, மரநிழல்

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று கரையோரமாக வந்தால் பெரும்பாலான ஊர்களில் பொதுப்பணத்தில் கட்டிய கூடம் ஒன்று கண்ணில் படும். சிலவற்றில் மீன் ஏலம் நடக்கும். சிலவற்றில் பூட்டுத் தொங்கும், ஆட்கள் பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். நிதி வந்ததும் ஊரில் கேட்பது "எது ரொம்ப நாள் நிற்கும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று: அங்கே என்ன வேலை நடக்கப் போகிறது, சாயங்காலம் நாலரை மணிக்கு நிழல் எங்கே விழும், பழுதானால் உள்ளூர் ஆளே சரிசெய்ய முடியுமா.

சட்டம் இதற்குப் பெரிய தடை இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கட்டுமானத் தடை உள்ள பகுதியிலும் ஏலக்கூடம், வலை பின்னும் தளம், மீன் உலர்தளம், மழைக்கு ஒதுங்கும் கூரை, பொதுக் கழிப்பறை ஆகியவற்றை அனுமதி பெற்றுக் கட்ட இடம் தருகிறது. கல்யாண மண்டபத்துக்கு அதில் இடமில்லை. "ஏலக்கூடம்" என்று விண்ணப்பித்துவிட்டு விசேஷ வீட்டுக்கு ஏற்றபடி சுவர் எழுப்பி அடைப்பதில்தான் பல ஊர்களின் சிக்கல் தொடங்குகிறது.

காற்றும் வெயிலும்

இந்தக் கரைக்கு இரண்டு கடல். பாக் நீரிணைப் பக்கம் ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றும் மழையும் நேராக அடிக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்று மணலை வாரிக்கொண்டு வரும். தொண்டிக்கு வரைந்த வரைபடத்தை அப்படியே ஏர்வாடியில் கட்டினால் திறப்பு தப்பான பக்கத்தில் இருக்கும்.

வெயில் கணக்கும் பலர் நினைப்பதுபோல் இல்லை. இராமநாதபுரம் கரை ஏறத்தாழ 9.3 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடு முதல் ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்கிலிருந்து விழும். தெற்கே மட்டும் இறவாணத்தை (கூரையின் கீழ் விளிம்பை) நீட்டி வடக்கை மொட்டையாக விட்டால், கோடை முழுக்க வடக்கு வரிசைக்காரர்கள் காய்வார்கள். சாயங்காலம் நாலரைக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 27 பாகை உயரத்தில் இருக்கும். மேற்கு இறவாணம் 10 அடி உயரத்தில் இருந்தால் வெயில் கிட்டத்தட்ட 20 அடி உள்ளே வரும். 20 அடி அகலக் கூடம் என்றால் மேற்கிலிருந்து கிழக்குவரை தரையில் நிழலே இருக்காது, ஆட்கள் கூடும் நேரமும் அதுதான். இறவாணத்தை 7 அடிக்கு இறக்கினால் வெயில் 14 அடியோடு நிற்கும். மேற்கே ஒரு வரிசை மரம் இருந்தால் இந்தக் கணக்கே தேவைப்படாது.

கான்கிரீட் கூடம்

இதை வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. கட்டுவதுபோல் கட்டினால் நிற்கும், ஆனால் அப்படிக் கட்டுவது அபூர்வம். கடலோரக் காற்று படும் கம்பிக் கான்கிரீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் 456 கேட்பது குறைந்தது எம்30 (கான்கிரீட்டின் வலிமைத் தரம்) கலவை, கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், நீர்-சிமெண்ட் விகிதம் 0.45க்குள், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடுகனம். அலைத்தெறிப்பு படும் இடமென்றால் எம்35, 50 மில்லிமீட்டர். நடப்பில் கம்பிக்கு அடியில் ஜல்லியைச் செருகி 20, 25 மில்லிமீட்டரில் முடித்துவிடுகிறார்கள். கடல் மணல் கலப்பதும், ஊரில் கிடைக்கும் உவர்நீரிலேயே கலவை போட்டு நீராற்றுவதும் சேர்ந்துகொள்கின்றன. கம்பிக் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கரையோரக் கிணறுகள் பலவற்றில் இது நடக்காத காரியம், அதனால் நல்ல தண்ணீர் லாரிக்கு மதிப்பீட்டிலேயே பணம் ஒதுக்க வேண்டும்.

துரு, இரும்பைவிட இரு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். முதலில் கம்பி ஓடும் வழியில் நேர்கோடாக விரிசல் வரும், பிறகு மூடுகனம் பாளம் பாளமாக விழும். ஏலக்கூடத்தில் இது தூணின் அடியில், முதல் மூன்று அடியில்தான் ஆரம்பிக்கும். ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் கழுவிய உப்புநீரும் தினம் தேங்கும் இடம் அது. மேலே சிமெண்டைப் பூசி வெள்ளையடிப்பது பழுதை மறைக்கும், துரு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். உடைந்ததைக் கம்பிக்குப் பின்பக்கம்வரை கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, புதிதாக வார்க்க வேண்டும். அதை ஊர்க் கொத்தனாரால் செய்ய முடியாது. மூன்றாவது கேள்வியில் கான்கிரீட் கூரை தோற்பது இங்கேதான். தவிர, பகலெல்லாம் குடித்த சூட்டை அது ராத்திரி ஏழு மணிக்கு ஆட்கள் தலைமேல் இறக்கும்.

ஆனால் ஏலக்கூடத்துக்குக் கான்கிரீட் தரையை விட்டால் வேறு வழியில்லை. அந்தத் தரைக்குக் கம்பியே வேண்டாம். கம்பி இல்லையென்றால் துருவும் இல்லை. மணலை நீர்விட்டு இறுக்கி, 4 அங்குல ஜல்லிப் படுகை போட்டு, அதன்மேல் 6 அங்குல எம்25 தளம், மூன்றரை மீட்டருக்கு ஒரு வெட்டு. 60 அடிக்கு 1 அடி வாட்டம் வேண்டும். பளபளப்பு ஓடு ஒட்டக்கூடாது, செதிலும் தண்ணீரும் சேர்ந்தால் கூடை சுமப்பவர் வழுக்கி விழுவார். வடிகாலை மூடி புதைக்காமல், ஒரு அடி அகலத்தில் திறந்து, மேலே தூக்கி எடுக்கும் கம்பிவலை போட்டு, முடிவில் செதில் பிடிக்கும் கூடை வைக்க வேண்டும். அந்தக் கூடை இல்லாத வடிகால் சீக்கிரமே அடைத்து நாறும், ஏலம் மறுபடி மணலுக்குப் போய்விடும்.

தகரக் கொட்டகை

வேகமாக எழும், பட்ஜெட்டுக்குள் அடங்கும், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். கெடுவது தகரத்தில் ஆரம்பிப்பதில்லை. முதலில் திருகாணித் தலை, அடுத்து வெட்டிய விளிம்பு, அப்புறம் பெட்டிக் குழாயின் உட்புறம். குழாயின் வாயை அடைக்காமல் விட்டால் உப்புக்காற்று உள்ளே போய்த் தங்கும், வெளியே பெயிண்ட் புதுசாகத் தெரியும்போதே குழாய் தாள்போல் ஆகியிருக்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி, ரப்பர் வாஷர், வெட்டு விளிம்புக்குத் துத்தநாகப் பூச்சு, மூடிய குழாய்முனை: இந்த நான்குக்கும் செலவு சொற்பம், விட்டுப்போவதும் இவைதான்.

பெரிய ஆபத்து காற்று. நொடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகக் காற்று, சதுர மீட்டருக்கு சுமார் 55 கிலோ அழுத்தம் தரும். அரை மில்லிமீட்டர் தகரத்தின் எடை சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவுதான். நாலு பக்கமும் திறந்த கொட்டகையில் காற்று அடியில் புகுந்து தூக்கும். அதனால் கூரை பறப்பது பிணைப்பு பலவீனமாக இருந்தாலோ அஸ்திவாரத்தில் எடை போதாமல் போனாலோதான். மழை பெய்தால் தகரத்தடியில் ஊர்க்கூட்டம் நடத்த முடியாது, பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது.

ஓலையும் ஓடும்

பனங்கையும் (பனைமரச் சட்டம்) பனை ஓலையும் இந்த மாவட்டத்தின் சொந்தச் சரக்கு. 45 பாகைச் சரிவில் நெருக்கி வேய்ந்தால் ஒழுகாது, உள்ளே குளிர்ச்சி. மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டும், வேயத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தீப்பயம் உண்டு, ஒயரிங் கூடாது. மீனவர் வாடிக்கும் (கரையோரக் குடிசை) தற்காலிகப் பந்தலுக்கும் சரி. பொதுக் கூடத்துக்கு, ஊர் வரி கட்டிப் பராமரிக்கும் பழக்கம் உள்ள இடத்தில் மட்டும்.

கல்தூணும் சீமை ஓடும் சேர்ந்த கூரையை ஏன் மறந்தோம் என்று தெரியவில்லை. இராமேசுவரம் கோயிலின் வெளிப்பிராகாரத்தில் 1212 தூண்கள் இந்த உப்புக்காற்றில்தான் நிற்கின்றன. கருங்கல் துருப்பிடிக்காது. 9 அடித் தூணை இரண்டரை அடி புதைத்து, மேலே மர உத்தரம், 30 பாகைச் சரிவில் ஓடு. 100 சதுர அடிக்கு சுமார் 140, 150 ஓடு பிடிக்கும். எடை சதுர மீட்டருக்கு 40 கிலோ வரும், அந்தக் கனமே காற்றுக்குப் பாதி பதில் சொல்லும். கீழ் விளிம்பில் இரண்டு வரிசையைக் கம்பியால் கட்ட வேண்டும். கல்லையும் உத்தரத்தையும் சாதா இரும்பு முளையால் பிணைக்கக்கூடாது, துரு வீங்கிக் கல்லைப் பிளந்துவிடும். சரியாக வேகாத ஓடுகளை உப்பு பொருக்கு பொருக்காக உரித்துவிடும், தட்டிப் பார்த்து "கணீர்" என்று ஒலிப்பதை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு ஓடு உடைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும், ஒப்பந்ததாரருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மரநிழல்

வலை பொத்த, சீட்டாட, பஞ்சாயத்துப் பேச, குழந்தையைத் தூங்க வைக்க இதற்கு நிகர் இல்லை. முன்வரிசைக்குப் பூவரசும் புன்னையும். பூவரசு சீக்கிரம் நிழல் தரும், புன்னை நிதானமாக வளர்ந்து நீண்ட காலம் நிற்கும். வேம்பை உப்புச்சாரல் படாத தூரத்தில், பின்வரிசையில் வைக்கலாம். உடைமரக் குடை அழகுதான், முள் வெறுங்காலிலும் வலையிலும் ஏறும். தென்னையை உட்காரும் இடத்துக்கு மேல் வைக்கவே கூடாது.

பூவரசம் போத்தை (வெட்டிய கிளையை) நட்டால் ஆணிவேர் இருக்காது, வாடைக்காற்றில் சாயும். விதைக்கன்றே மேல். 3 அடி நீள, அகல, ஆழக் குழியில் கண்மாய்க் கரம்பை, தொழு உரம், மணல் சம பங்கு. முதல் இரண்டு கோடைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் 20 லிட்டர் தண்ணீர், ஆட்டுக்கு முள்வேலி. திறப்பு விழாவில் நட்ட கன்றுகள் செத்துப்போவது பெரும்பாலும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை யாருக்கும் எழுதித் தராததால்தான். மேடை கட்டும்போது அடிமரத்தைச் சுற்றி மண் ஏற்றினால் பட்டை அழுகும், ஒரு அடி இடைவெளி விடவேண்டும். மரத்தை ஒட்டிச் சிமெண்ட் கல் பதிப்பது மெதுவாகக் கொல்வதுதான்.

எதற்கு எது?

ஏலத்துக்கு: கம்பியில்லாத கான்கிரீட் தரை, கல்தூண், ஓட்டுக்கூரை. ஓட்டுக்கூரைச் செலவு கட்டாது என்றால் ஒழுங்காக நங்கூரமிட்ட தகரம். வலைக்கு: மரவரிசை, நடுவே வலை தொங்கவிட மழுங்கிய விளிம்புள்ள கல்தூண்கள். ஆள் உயரத்துக்குள் போல்ட்டு, கம்பிமுனை எதுவும் நீட்டக்கூடாது, வலை மாட்டிக் கிழியும். நைலான் நரம்பை வெயில் பலவீனமாக்கும், ஆகவே நிழல் வலைக்கும் வேண்டும். ஊர்க்கூட்டத்துக்கு: மரத்தடியும் அதை ஒட்டி மழைக்கு ஒதுங்கச் சின்ன ஓட்டுக்கூரையும். கான்கிரீட் மேல்தளத்தை இந்த மூன்றில் எதற்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கூரையைவிடக் கவனிக்காமல் போகும் விஷயம் மேடையின் உயரம். மூன்றடி மேடைக்குப் படி வேண்டும். முழங்கால் வலிக்காரரும் தலையில் கூடை வைத்திருக்கும் பெண்ணும் ஏறமாட்டார்கள். உட்காரும் கூடத்துக்கு ஒன்றரை அடி போதும், விளிம்பு முழுக்கத் திண்ணையாகும். ஏலத்தரைக்கு அரை அடி, 12 அடி நீளத்துக்கு 1 அடி ஏறும் சரிவு. கூடத்தை ஒரே பக்கம் திறந்தால் அந்த வாசலை ஆண்கள் பிடித்துக்கொள்வார்கள். மீன் விற்கும் பெண்களும் பாசி எடுக்கும் பெண்களும் வெளியே வெயிலில் நிற்பார்கள். எதிரெதிரே இரண்டு பக்கம் திறந்து, ஒரு பக்கத்தில் குடிநீர்க் குழாயும் நடக்கும் தூரத்தில் கழிப்பறையும் இருந்தால் நிலைமை மாறும். கதவு வைக்கவே வேண்டாம். கதவு வந்தால் பூட்டு வரும், பூட்டு வந்தால் சாவி ஒரு வீட்டுக்குப் போகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கரையெங்கும் வலை விரிந்திருக்கும். அப்போது பள்ளம் தோண்டினால் ஊரே சண்டைக்கு வரும். தரை வார்ப்பைத் தை, மாசியில் முடித்துவிடுவது நல்லது. கன்றுகளைப் புரட்டாசிக் கடைசியில் நட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை வேருக்கு நீர் விடும், உவர்நீர் ஊற்றிய மண்ணில் சேர்ந்த உப்பையும் கழுவிக்கொண்டு போகும்.