புது வேட்டை ரைஃபிள் குறி தப்பியது ஏன்? சில பருவங்கள் பயன்படுத்திய பிறகு

.308 காலிபர் (குண்டின் விட்டம், அங்குலத்தில்), போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளும் வகை), பிளாஸ்டிக் ஸ்டாக் (தோளில் தாங்கும் உடற்பகுதி), எடை குறைந்த மெல்லிய பேரல் (குழல்). என்னிடம் இருப்பது இப்படிப்பட்ட சாதாரண வேட்டை ரைஃபிள்தான். புதிதாக வந்தபோது 100 மீட்டரில் குண்டுகள் 10 சென்டிமீட்டருக்கு மேல் சிதறின. இப்போது அதே ரைஃபிள், அதே பேரலோடு, ஐந்து குண்டுகளையும் 4 சென்டிமீட்டருக்குள் போடுகிறது. நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

குறி சரியில்லை என்றதும் பழி பேரல் மேல்தான் விழும். ஆனால் பேரல் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பொருள் என்பது என் கட்சி. கோளாறு பெரும்பாலும் திருகு போட்டு இணைக்கும் இடங்களில்தான் ஒளிந்திருக்கும். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பும், போல்ட் ஓடும் உலோகப் பகுதியான ஆக்‌ஷனும் சேரும் இடம், ஆக்‌ஷனும் ஸ்டாக்கும் சேரும் இடம், இந்த இரண்டையும் பார்க்காமல் புதுப் பேரலுக்குக் காசைக் கொட்டக் கூடாது.

முதலில் எதிர்பார்ப்பு. குறியை அளக்கும் எம்ஓஏ என்கிற கோண அளவு 100 மீட்டரில் சுமார் 2.9 சென்டிமீட்டர். இந்த வகை ரைஃபிள் தொழிற்சாலைத் தோட்டாவில் ஒன்றரை எம்ஓஏ கொடுத்தால் மானுக்குத் தாராளமாகப் போதும். 200 மீட்டரில் அது 9 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். இணையத்தில் எல்லாரும் காட்டும் மூன்று குண்டுக் குரூப்பை (தாளில் சேர்ந்து விழும் துளைக் கூட்டத்தை) நம்பி மனம் நொந்துபோக வேண்டாம். மூன்று குண்டு அதிர்ஷ்டத்தில்கூட ஒன்றாக விழும். அதே ரைஃபிளில் பத்து சுட்டால் வட்டம் பெரிதாகத்தான் இருக்கும்.

துளைகள் எப்படிச் சிதறியிருக்கின்றன என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும். பேரல் சூடாகச் சூடாகக் குண்டுகள் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால், ஸ்டாக் எங்கோ பேரலைத் தொடுகிறது என்று சந்தேகிக்கலாம். இரண்டு தனித்தனிக் கூட்டமாக விழுந்தால் ஸ்கோப்போ அதைத் தாங்கும் அடித்தகடான பேஸோ ஆடுகிறது. பக்கவாட்டில் மட்டும் பரவினால் காற்று, பிடிக்கும் விதம், அல்லது ஸ்கோப்பின் பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தெரிவது). என் தாளில் இரண்டு கூட்டம் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே ஸ்கோப்பில் தொடங்கினேன்.

ஸ்கோப்பைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒரே புள்ளியைக் குறிவைத்துக்கொண்டு, திருகுக் குமிழின் ஒரு கிளிக் கால் எம்ஓஏ நகர்த்தும் ஸ்கோப்பில் 20 கிளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது என்று சுற்றி ஒவ்வொரு மூலையிலும் சுட வேண்டும். 100 மீட்டரில் சுமார் 14.5 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று கிடைத்து, கடைசிக் குண்டு முதல் குண்டின் பக்கத்தில் வந்து விழுந்தால் ஸ்கோப்பின் உள்பாகம் நன்றாக இருக்கிறது. ஆனால் ரைஃபிளே சிதறடிக்கும்போது இந்தச் சதுரமும் குழம்பும். அதனால் நம்பகமான வேறொரு ரைஃபிளில் ஸ்கோப்பை மாட்டிப் பார்த்தேன். அங்கே பிசகே இல்லை.

அப்படியானால் பேஸ். எல்லாத் திருகும் இறுக்கமாகத்தான் இருந்தது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சும் கிளிக் என்று ஒத்துக்கொண்டது. வில்லங்கம் அங்கேதான். முன்பக்கக் கடைசித் திருகு ஒரு நூலளவு நீளம் அதிகம். அது பேஸை அழுத்துவதற்கு முன்பே துளைக்குள் பேரலின் மரையில் போய் முட்டி நின்றுவிட்டது. கைக்கு இறுக்கம் தெரியும், பேஸுக்கு இறுக்கம் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க மற்றத் திருகுகளை எல்லாம் கழற்றிவிட்டு, சந்தேகப்படும் ஒன்றை மட்டும் இறுக்கிப் பேஸை அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அதுதான் ஆள். சில ரைஃபிள்களில் இதே முன்திருகு போல்ட்டின் பல்லில் உரசும். போல்ட் தூக்கும்போது கரகரவென்று இருந்தால் அதையும் நினைவில் வையுங்கள். சரியான நீளத் திருகு போட்டு, மரையை எண்ணெய் நீக்கித் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே இறுக்கியதும் இரண்டு கூட்டம் ஒன்றானது. ஸ்கோப் வளையங்களுக்குப் பொதுவாக 2 நியூட்டன் மீட்டர் அளவில்தான் சொல்வார்கள். அதற்கு மேல் பலம் காட்டினால் குழாய் நசுங்கும்.

மீதியிருந்தது குண்டுகள் வலப்பக்கமாக நகரும் பழக்கம். காகிதத்தைப் பேரலுக்கும் ஸ்டாக்கின் முன்பகுதிக்கும் நடுவே விட்டு இழுத்தால் தடையில்லாமல் ஓடியது. ஆனால் முன்பக்க இரட்டைக்கால் தாங்கியான பைபாடில் வைத்து, சுடுகிற மாதிரி முன்னால் சாய்ந்து அழுத்தம் கொடுத்ததும் காகிதம் சிக்கியது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஸ்டாக் ரப்பர் மாதிரி வளைகிறது. கையில் பிடித்துப் பார்க்கும்போது இருக்கும் இடைவெளி, சுடும்போது இருப்பதில்லை. உட்பள்ளத்தை உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்து அகலப்படுத்தினேன். கூடவே பைபாடைக் கழற்றிவிட்டு மணல் பையை மேகசினுக்கு (தோட்டாப் பெட்டிக்கு) சற்று முன்னால் வைக்கிறேன். இரண்டாவதுதான் அதிகம் உதவியது. மேகசின் பெட்டி ஆக்‌ஷனுக்கும் ஸ்டாக்குக்கும் இடையே நெருக்குப்பட்டால் ஆக்‌ஷன் திருகை எவ்வளவு இறுக்கினாலும் வீண். லேசாக ஆடும் இடைவெளி அதற்கு இருக்க வேண்டும்.

அப்புறம் தோட்டா. இங்கே பலர் எடையை மட்டும் பார்க்கிறார்கள். பேரலின் முறுக்கு (குண்டைச் சுழற்றும் உள்வரிகள்) தாங்கிப் பிடிப்பது குண்டின் நீளத்தை. .308-ல் வழக்கமான முறுக்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று அல்லது 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஈயத்தைவிடச் செம்பின் அடர்த்தி குறைவு என்பதால், அதே எடையில் முழுச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். 12 அங்குல முறுக்கில் கனமான செம்புக் குண்டு தடுமாறக்கூடும். தாளில் துளை வட்டமாக இல்லாமல் சாய்வாக இருந்தால் குண்டு நிலைபெறவில்லை என்று அர்த்தம். என் 10 அங்குலப் பேரலுக்கு 150 கிரெயின் (குண்டின் எடை அலகு) பிடிக்கவில்லை, 165 பிடித்துவிட்டது. ஏன் என்று யாரைக் கேட்டாலும் பேரலின் விருப்பம் என்பார்கள், அதற்கு மேல் பதில் கிடைக்காது. மூன்று நான்கு வகை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதுதான் வழி.

சுத்தம் செய்வதைப் பற்றிச் சுருக்கமாக. பேரலுக்குள் படிந்த செம்பை எடுக்க அமோனியா கலந்த கரைப்பான் போதும், துணி நீல நிறமாக வந்தால் இன்னும் செம்பு இருக்கிறது. பித்தளை பிரஷ்ஷே நீலம் காட்டி ஏமாற்றும், நைலான் பிரஷ் போடுங்கள். குழலின் வாய் விளிம்பில் சுத்தம் செய்யும் கம்பி உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குண்டு கடைசியாகத் தொடும் விளிம்பு அது. அதில் ஒரு சிறு காயம் பட்டாலும் குறி கெடும். ஆனால் ஒவ்வொரு முறையும் பளபளவென்று கழுவுவதும் தேவையில்லை. கழுவிய பேரலின் முதல் ஓரிரு குண்டு தனியாக விழுவது சகஜம்.

இத்தனை பருவங்களில் நான் மதிப்பு வைக்கும் ஒரே சோதனை குளிர்ந்த பேரலின் முதல் குண்டு. வேட்டையில் ஐந்தாவது குண்டுக்கு வேலையே இல்லை. ஒரே தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை சுடுதளம் போகும்போதும் முதல் குண்டை அதில் மட்டும் சுடுகிறேன். குளிர், வெயில், மழை எல்லாம் கலந்த அந்தத் தாளில் துளைகள் 5 சென்டிமீட்டர் வட்டத்தில் நிற்கின்றன. மரக்கட்டை ஸ்டாக் என்றால் ஈரத்தில் ஊதி ஜீரோ (ஸ்கோப்பில் சரிசெய்து வைத்த குறி) நகரும், இந்தப் பிளாஸ்டிக்கில் அந்தத் தொல்லை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

குறை இன்னும் இருக்கிறது. ட்ரிக்கர் கனம், அனுமதித்த குறைந்த அளவுக்கு இறக்கிய பிறகும் இழுவையில் ஒரு சின்ன உராய்வு தட்டுகிறது. தொடர்ந்து நான்கைந்து சுட்டால் மெல்லிய பேரல் சூடேறி வட்டத்தைப் பெரிதாக்குகிறது. உறுதியான ஸ்டாக் ஒன்றைப் போடலாமா என்று அடிக்கடி தோன்றும். போட்டால் எடை கூடும். ஏற்றத்தில் இதைத் தோளில் சுமந்துகொண்டு நடப்பவன் நான்தான், அதனால் இப்போதைக்கு மாற்றவில்லை.