கீகேட்: ஏழு வருஷம் பழகியதில்

கீகேட் என்று நான் போனில் பேசுவதைக் கேட்டால் மலேசியாவில் எங்கள் பாடாங் செராயில் பாதிப் பேர், "அண்ணே, அது என்ன, சாவி வச்ச கேட்டா?" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அது சர்க்யூட் போர்டு வரைய உதவும் கம்ப்யூட்டர் மென்பொருள். என் தொழில் ஆட்டோ கேட், அதாவது மோட்டாரில் தானாகத் திறந்து மூடும் வாசல் கேட், ரிப்பேர். ராத்திரி இடியோடு மழை பெய்தால் மறுநாள் காலை போன் ஓயாது. ரெகுலேட்டர் கருகியிருக்கும், மோட்டாருக்கு சுவிட்ச் போடும் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும், சிலதில் போர்டின் மேல் ஓடும் செம்புக் கோடு, அதாவது டிராக்கே பெயர்ந்து வந்திருக்கும். பழைய கேட்டுகளுக்கு மாற்று போர்டு கிடைக்காமல் அலைந்து, கடைசியில் நானே வரைய ஆரம்பித்தேன்.

முதலில் ஈகிள் என்ற மென்பொருள். அதன் இலவசப் பதிப்பில் அப்போது 80 சதுர சென்டிமீட்டரைத் தாண்ட முடியவில்லை. எனக்கு வேண்டிய போர்டோ 14-க்கு 10 சென்டிமீட்டர். இரண்டாக வெட்டி நடுவில் வயர் போட்டு ஒப்பேற்றினேன். பார்க்கவே சகிக்காது. 2018-ல் கீகேட் 5 வந்ததும் மாறிவிட்டேன். ழான்-பியர் ஷரா என்ற பிரெஞ்சுக்காரர் 1992-ல் தொடங்கியது; பிறகு ஐரோப்பாவின் சேர்ன் அணு ஆய்வுக்கூடமும் கைகொடுத்தது. இலவசம், அளவுக் கட்டுப்பாடும் இல்லை. பழைய ஈகிள் வரைபடங்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈகிளை 2026 ஜூனோடு நிறுத்தப்போவதாக 2023-ல் அறிவிப்பு வந்தபோது நான் பதறவில்லை.

கை பழக இரண்டு மாதம் ஆனது. இதில் சாமானைக் குறிக்கும் சின்னம் வேறு, போர்டில் அதன் கால்கள் உட்காரும் அச்சான ஃபுட்பிரிண்ட் வேறு. ஸ்கீமாட்டிக் என்ற இணைப்பு வரைபடத்தில் ரெசிஸ்டர் வெறும் கோட்டுப்படம்தான். அதன் கால்களுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அங்கேதான் நான் அடி வாங்கினேன்.

வயர் சொருகும் பச்சை டெர்மினல், எட்டு வழி. நான் தேர்ந்தெடுத்தது 5 மில்லிமீட்டர் இடைவெளி. கையில் இருந்ததோ 5.08. இரண்டு கால் என்றால் தெரியவே தெரியாது. எட்டாவது காலுக்குப் போகும்போது அரை மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். டிஆர்சி என்ற தானியங்கிச் சோதனை பிழை பூஜ்யம் என்றுதான் காட்டியது. அது கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்க்கும், என் டப்பாவில் என்ன சாமான் கிடக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து போர்டு செய்யும் ஃபேக்டரிக்கு கெர்பர் கோப்பை அனுப்பும் முன் ஒன்றுக்கு ஒன்று அளவில் காகிதத்தில் அச்செடுத்து, சாமான்களை அதன் மேல் குத்திப் பார்க்கிறேன்.

காகிதமும் பிடிக்காத தப்பு உண்டு. 2என்3904 என்ற டிரான்சிஸ்டர் தீர்ந்துபோய் பதிலுக்கு பிசி547 வாங்கினேன். தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க வைத்தால் முன்னதற்கு மூன்று கால்களும் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பின்னதற்கு அப்படியே தலைகீழ். சின்னத்தை மாற்ற மறந்துவிட்டேன். பத்து போர்டு வந்தது, ஒரு ரிலேகூட 'டக்' என்று அடிக்கவில்லை.

பிடித்தது என்றால் டிராக் இழுக்கும் விதம். வழியில் இன்னொரு டிராக் நின்றால் அதுவே நகர்ந்து இடம் விடும். மோட்டார் கரண்டுக்கு டிராக் எவ்வளவு அகலம் என்று சொல்லும் கணக்குப் பொறியும் கூடவே வருகிறது. அதைக் கேட்காமல் நான் வரைவதில்லை.

குறை? கீகேட் 5-ல் ஸ்கீமாட்டிக் கோப்பை மட்டும் வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் சாமான் இருக்கும் இடத்தில் கேள்விக்குறிதான் வரும். 6-ல் சின்னங்களைக் கோப்புக்குள்ளேயே வைத்து அதைச் சரிசெய்தார்கள். ஆனால் புதியதில் சேமித்ததைப் பழையது திறக்காது. கூலிமில் இருக்கும் என் தம்பி இன்னும் 5-ஐ விடமாட்டேன் என்கிறான், அதனால் அவனுக்கு பிடிஎஃப்தான் அனுப்புகிறேன். என் பழைய லேப்டாப்பில் முப்பரிமாணக் காட்சியைத் திறந்தால் ஃபேன் கத்தும். ஒரு தே தாரிக் (நுரைக்க ஆற்றிய டீ) குடித்துவிட்டு வரலாம்.

அந்தப் பத்து போர்டில் இன்னும் மூன்று மிச்சம். டிரான்சிஸ்டரைத் திருப்பிச் சொருகினால் ஒழுங்காக ஓடுகிறது, மேலே அச்சடித்த அரைவட்டம் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.