குடோன் சாப்ட்வேருக்கு முழுப்பணத்தையும் முன்கூட்டியே கட்டி ஏமாந்தோம் - எச்சரிக்கைப் பதிவு

காரைக்குடியில் பலகாரமும் மசாலாப் பொடியும் மொத்த விநியோகம் செய்கிறோம். சுற்று வட்டாரக் கடைகளுக்கு வேன், வெளியூருக்கு லாரி, ஆன்லைன் ஆர்டர் கூரியரில். போன வருடம் தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பு குடோனில் எந்தச் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று கணக்கு வைக்கும் சாப்ட்வேர் ஒன்று வாங்கினோம். ஒரு வருடச் சந்தா, நான்கு ஸ்கேனர், பயிற்சிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 2,10,000 ரூபாய், முழுவதும் முன்பணம். பணம் போனதைவிட, எங்களை நம்பி ஆர்டர் போட்டவர்களுக்குப் பண்டிகைக்குச் சரக்கு போய்ச் சேராததுதான் இன்றும் மனதை அறுக்கிறது.

டெமோ அருமையாக இருந்தது. ஆனால் அது அவர்கள் லேப்டாப்பில், அவர்களே ஏற்றி வைத்த இருபது ஐட்டத்தில் நடந்த டெமோ. ஒரு பெட்டி வந்தது, ஒரு பெட்டி போனது, இருப்பு சரி. எங்களிடம் இருப்பது ஏறத்தாழ 400 ஐட்டம். சீப்புச் சீடை டின்னில் கிலோ கணக்கில் வரும். 250 கிராம் பாக்கெட் போட்டு, 24 பாக்கெட்டை ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்குவோம். கடைக்காரர் பெட்டியாகக் கேட்பார், ஆன்லைனில் இரண்டு பாக்கெட் கேட்பார்கள். பெட்டியைப் பிரித்து இரண்டை எடுத்தாலும் திரையில் பெட்டி முழுசாகவே நின்றது. கேட்டால், "அடுத்த வெர்ஷன்ல வந்துடும் சார்."

காலாவதித் தேதி விஷயம் இன்னும் மோசம். உணவுப் பொருளில் முதலில் வந்தது முதலில் போனால் போதாது, முதலில் காலாவதியாகப் போவது முதலில் போக வேண்டும். மதுரைக் கடையில் விற்காமல் திரும்பி வந்த மசாலாப் பெட்டியை சாப்ட்வேர் புதுவரவாகக் கணக்கில் சேர்த்து, கடைசியில் எடுக்கச் சொன்னது. ஸ்டாக் பார்க்கும் ஆச்சி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "தம்பி, இது இன்னும் பன்னெண்டு நாள்தானப்பா தாங்கும், இதைப் போயி அடியில வைக்கச் சொல்லுதே" என்று காட்டியிராவிட்டால் அவ்வளவும் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

எங்கள் குடோன் பழைய வீட்டின் மூன்றாங்கட்டு, அதாவது வாசலிலிருந்து மூன்றாவதாக உள்ளே தள்ளி இருக்கும் பகுதி. கனத்த சுண்ணாம்புச் சுவர், உள்ளே போன் சிக்னல் நுழையாது. அந்த ஸ்கேனருக்கோ நெட் விடாமல் வேண்டும். நெட் இல்லாதபோதும் 'பீப்' சத்தம் மட்டும் வரும், பதிவு போயிருக்காது. பையன்கள் சத்தத்தை நம்பி அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்கள். தீபாவளி வாரத்தில் திரை 40 பெட்டி சீடை என்றது, போய்ப் பார்த்தால் ரேக் காலி. 63 ஆர்டரை ரத்து செய்தோம். ஒவ்வொருவருக்கும் நானே போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். கம்பெனிக்கு போன் செய்தபோது, "உங்க பில்டிங்தான் பிரச்சினை" என்றார்கள். பணம் வாங்கும் முன் ஒருவரும் குடோனுக்குள் கால் வைத்துப் பார்க்கவில்லை.

நாங்கள் வரவு செலவு எழுதும் டாலி என்ற கணக்கு சாப்ட்வேரோடு இணைக்கத் தனிக் கட்டணம் என்பது பிறகுதான் தெரிந்தது. சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் அதிலிருந்து வராது. பெங்களூருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால், போட்ட பில்லையே மறுபடி போர்ட்டலில் உட்கார்ந்து அடிக்க வேண்டும்.

சரி, நிறுத்திவிடலாம் என்றால் எங்கள் இருப்புக் கணக்கை எக்செல்லில் தர மறுத்து, பிடிஎஃப்பாகத் தந்தார்கள். அப்புறம் வக்கீலைப் பார்த்தோம். வியாபாரத்துக்காக வாங்கியதால் நுகர்வோர் ஆணையத்தில் நிற்பது கடினம் என்றார். வழக்குப் போட்டாலும் கம்பெனி இருக்கும் ஊரில்தான் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், உங்கள் சரக்கில் கஷ்டமான ஐம்பது ஐட்டத்தை எடுத்துக் கொடுத்து, உங்கள் குடோனுக்குள், உங்கள் ஆட்கள் கையால் ஓட்டிப் பாருங்கள். பெட்டியைப் பிரியுங்கள், ரிட்டர்ன் போடுங்கள், நெட்டை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். மொத்த டேட்டாவையும் எக்செல்லில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இதற்குத் தயங்கும் கம்பெனிக்கு ஒரு ரூபாய் கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

நாங்கள் இப்போது வேறொன்றை மூன்று வாரமாக மூன்றாங்கட்டிலேயே ஓட்டிப் பார்க்கிறோம், பணம் இன்னும் கட்டவில்லை. தினமும் சாயங்காலம் ஆச்சி தன் நோட்டையும் திரையையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கிறார். நேற்று தேன்குழலில் மூன்று பாக்கெட் இடித்தது. தேடிக்கொண்டிருக்கிறோம்.