ரோந்துக் கப்பலில் 22 வருடம்: எஞ்சின் அறைக்காரனின் அனுபவம்

லீவில் ஊருக்கு வந்தால் திசையன்விளை டீக்கடையில் முதல் கேள்வி இதுதான்: "அண்ணாச்சி, ஒங்க கப்பல்ல எத்தனை பீரங்கி?" ஒன்றுதான் என்றால் கேட்டவர் முகம் வாடிவிடும். இப்போதுள்ள விக்ரம் வகைக் கப்பலில் 30 மி.மீ. பீரங்கி ஒன்று, 12.7 மி.மீ. துப்பாக்கி இரண்டு, அவ்வளவுதான். கடலோரக் காவல்படையில் 22 வருடம் யாந்திரிக்காக, அதாவது எஞ்சின் ஆளாக இருந்தேன். பீரங்கி வெடித்ததைப் பயிற்சியில்தான் பார்த்திருக்கிறேன். படகு இறக்கியதற்குக் கணக்கே கிடையாது. அதனால் ரோந்துக் கப்பல் எப்படி என்று யாராவது கேட்டால், நான் பார்ப்பது சின்னப் படகைக் கடலில் தூக்கி இறக்கும் கிரேனைத்தான்; அதற்கு டேவிட் என்று பெயர்.

1983-இல் படையில் சேர்ந்த பழைய விக்ரம் 74 மீட்டர் நீளம். 2010-இல் கோவாவில் கட்டி வந்த விஸ்வஸ்த் 94 மீட்டர். 2018-இல் காட்டுப்பள்ளியில் கட்டிய புது விக்ரம் 98 மீட்டர். காகிதத்தில் இது வெறும் நம்பர். ஆடி மாதம் கச்சான் காற்றில் குமரி முனையைச் சுற்றும்போதுதான் அந்த 24 மீட்டரின் அருமை தெரியும். சின்னக் கப்பலில் ஒவ்வொரு அலைக்கும் மூக்கு குத்தி எழும். சாப்பாட்டு மேசையில் துணியை நனைத்து விரித்து, அதன்மேல் தட்டை வைப்போம். இல்லையென்றால் சாம்பார் பக்கத்து ஆள் மடியில். பெரிய கப்பலும் ஆடத்தான் செய்யும், ஆனால் நிதானமாக ஆடும். தூங்கலாம்.

எஞ்சின் பக்கம் மாற்றம் இன்னும் பெரிது. முன்பெல்லாம் நான்கு மணி நேர வாட்ச், அதாவது காவல் முறை, முழுக்க எஞ்சின் பக்கத்திலேயே வேர்த்து ஊற்ற நின்றோம். இன்றைக்கும் என் இடது காது சரியாகக் கேட்காது. வீட்டுக்காரி டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். புதுக் கப்பலில் 9,100 கிலோவாட் டீசல் எஞ்சின் இரண்டு, வேகம் 26 நாட், அதாவது மணிக்குச் சுமார் 48 கிலோமீட்டர். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து திரையில் எல்லாவற்றையும் பார்க்கலாம். குறை என்னவென்றால், ஒரு சென்சார் கெட்டால் எஞ்சினே கெட்டதுபோல் அலாரம் கத்தும். நடுராத்திரி ஓடிப்போய்க் கையால் தொட்டுப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. திரையை நம்பாதே, தொட்டுப் பார் என்று இளம் பையன்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

சரி, டேவிட்டுக்கு வருவோம். கடல் கலங்கியிருக்கும்போது படகு இறக்குவது தனி வித்தை. கேப்டன் கப்பலைத் திருப்பிக் காற்றை ஒரு பக்கம் வாங்கிக்கொள்வார். மறுபக்கம் கொஞ்சம் அமைதியாக இருக்கும், அங்கேதான் படகு இறங்கும். படகு இரண்டு கொக்கியில் தொங்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் விட வேண்டும். நான் இருந்த ஒரு கப்பலில் ஒருமுறை பின்கொக்கி மட்டும் விடவில்லை. முன்பக்கம் தண்ணீரில், பின்பக்கம் அந்தரத்தில், உள்ளே நான்கு பேர். அடுத்த அலை தூக்கிய நொடியில் ஒருவன் சுத்தியலால் தட்டி விடுவித்தான். தூரத்தில் எஞ்சின் நின்றுபோன நாட்டுப்படகில் இருந்த மூன்று பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறி வந்ததும் அதில் பெரியவர் கேட்டார்: "தம்பி, யாரு யாரைக் காப்பாத்த வந்தீய?" கொக்கிக்குக் கிரீஸ் போடாதது எங்கள் தப்புதான். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் நானே போய்ப் பார்ப்பேன்.

அடுத்து பின்தளம். ஹெலிகாப்டர் இறங்கத்தான் அந்த இடம். ஆனால் ஹெலிகாப்டர் இல்லாத நாட்களே அதிகம். சாயங்காலம் நடக்க, உடற்பயிற்சி செய்ய, மீட்ட மீனவர்களைப் போர்வை கொடுத்து உட்கார வைக்க எல்லாவற்றுக்கும் அதுதான் எங்கள் முற்றம்.

வெளியே தண்ணீர் பீய்ச்சும் தீயணைப்புக் கருவியை முதலில் அலங்காரம் என்றே நினைத்தேன். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் சரக்குக் கப்பல் எரிந்தபோது எங்கள் படைக் கப்பல்கள் வைபவும் வஜ்ராவும் போய்த் தண்ணீர் அடித்தன. அன்றைக்கு அந்த நினைப்பு போய்விட்டது.

புதுக் கப்பல் ஒருமுறை கிளம்பினால் 5,000 கடல் மைல் போகும் என்பார்கள். கப்பல் தாங்கும், மனுஷன்தான் தாங்குவதில்லை. பத்தாம் நாள் பச்சைக் காய்கறி தீரும், அப்புறம் உருளைக்கிழங்கும் பருப்பும்தான். பெட்டியில் உடன்குடிக் கருப்பட்டி வைத்திருப்பேன், இல்லையென்றால் காப்பி இறங்காது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, ரோந்து முடிந்து தூத்துக்குடிக்குத் திரும்பும்போது கூடங்குளத்துக் கும்மட்டங்கள் தெரியும், உவரி தெரியும், போனில் இரண்டு கோடு சிக்னலும் வரும். வீடு அதோ. இறங்க முடியாது. மணப்பாடு தாண்டித் திருச்செந்தூர் கோபுரமும் பின்னால் போனபிறகு தூத்துக்குடியில் இறங்கி, பஸ் பிடித்து, வந்த வழியே திரும்பி வர வேண்டும்.

இப்போது மச்சான் வள்ளத்தில் எப்போதாவது போகிறேன். ஏறியதும் வயர்லெஸ் ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் சேனலில் இருக்கிறதா, கடலோரக் காவல்படையின் அவசர உதவி நம்பர் 1554 போனில் இருக்கிறதா என்று பார்ப்பேன். "ஆரம்பிச்சிட்டீரா" என்பான் மச்சான்.